போத்து போதும், விதைக்கு வருவோம்
ஆசிரியர் உரை

பிரான்சில் உறவினர் இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு. விடுமுறைக்கு வருகிறவர்களின் பையில் லிண்டன் பூ தேநீர்ப் பொட்டலம் இருக்கும். "இந்த மரத்தை நம் ஊரில் வளர்க்க முடியாதா?" என்ற கேள்வியும் கூடவே நாற்றங்கால் வாசலுக்கு வந்துவிடும். முடியாது என்று சொல்லிவிடுவதே நேர்மை. இலை உதிர்த்துக் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் லிண்டன் ஒழுங்காகத் துளிர்க்கும். மார்கழி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் ஊரில் அதை நட்டால் வாடிக்கையாளரின் பணமும் நம் பெயரும்தான் வீண்.

ஆனால் அதே குடும்பத்து மரம் ஒன்று நம் கடற்கரைக்கே சொந்தம். லிண்டனைத் தனிக் குடும்பத்தில் வைத்திருந்த தாவரவியலார், மரபணு ஆய்வுகளுக்குப் பின் அதைப் பருத்தி, வெண்டை, செம்பருத்தி அடங்கிய மால்வேசியே குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். பூவரசும் அந்தக் குடும்பம்தான். இதய வடிவ இலை, அடர்ந்த நிழல், நார் தரும் பட்டை என்று இரண்டுக்கும் ஒற்றுமைகள் உண்டு. மரத்தின் தன்மையில்தான் வேறுபாடு. லிண்டன் மென்மையானது, ஜெர்மானியச் சிற்பிகள் அதனால்தான் அதை விரும்பினார்கள். பூவரசின் வைரமோ கருஞ்சிவப்பு. வண்டிச் சக்கரத்துக்கும் துப்பாக்கிக் கட்டைக்கும் தாங்கியது.

புதுச்சேரியின் நெல்லித்தோப்பு போன்ற பகுதிக்குப் பூவரசு பொருத்தமான மரம். உப்பு நீரைத் தாங்கும், கடற்காற்றுக்கு அஞ்சாது, நடுத்தர உயரத்தோடு நின்றுவிடும், வெட்டினாலும் தழைக்கும். இவ்வளவு இருந்தும் தெருமரமாக அதன் பெயர் கெட்டிருப்பதற்கு மரம் காரணமல்ல, நாம் நடும் முறையே காரணம்.

கை கனத்தில் ஒரு கிளையை, அதாவது போத்தை, வெட்டி ஊன்றினால் பூவரசு பிழைத்துக்கொள்ளும். செலவில்லை, சீக்கிரம் நிழல் வரும். வேலிக்கு அது போதும். தெருவுக்குப் போதாது. தடித்த போத்தின் அடிவெட்டு முழுதாக மூடுவதில்லை. மேல்வெட்டின் வழியே மழைநீர் இறங்கும். இரண்டு பக்கமும் பூஞ்சைக்கு வழி கிடைக்க, மரம் பருக்கப் பருக்க நடுவே பொந்து விழுகிறது. வெளியே பச்சைப் பசேலென்று நிற்கும் மரத்தைச் சுத்தியலால் தட்டினால் உள்ளே வெற்றொலி கேட்கும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த அனுபவம் உள்ள ஊரில், அந்த ஒலியை அலட்சியம் செய்ய முடியாது. புயலுக்குப் பிறகு நிழலுக்காகப் பிறக்கும் அவசரமோ மறுபடியும் போத்தையே தேடவைக்கிறது.

விதையிலிருந்து வளர்த்த கன்றில் இந்த வெட்டுக்காயங்கள் இல்லை. அந்த விதைக்கன்றுக்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. நன்கு காய்ந்த காயை உடைத்து விதையை எடுத்து, அதன் ஓட்டை லேசாகக் கீறி விதைத்தால் முளைப்பு சீராகவும் விரைவாகவும் இருக்கும். கவனிக்க வேண்டியது பையை. வேர் பைக்குள் சுருண்டுவிட்டால் அந்தச் சுருள் மண்ணுக்குள்ளும் தொடரும். விதைக்கன்றின் பலன் கெட்டுப்போகும். சுருளும் முன்பே பெரிய பைக்கு மாற்றுங்கள். நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து நடுங்கள். சாக்கடைச் சுவரை ஒட்டி நடாதீர்கள். முதல் சில ஆண்டுகள் ஒரே தண்டாக ஏற்றி, பக்கக் கிளைகளைச் சிறிதாக இருக்கும்போதே கழியுங்கள். மொட்டையடிப்பது கூடவே கூடாது. விதை மரத்திலும் அது பொந்துக்கு வாசல் திறக்கும்.

தெருவாசிகளின் புகாருக்கும் பதில் தயாராக இருக்கட்டும். காய் விழும் காலத்தில் அடிமரத்தில் சிவப்புப் பூச்சிகள் மொய்க்கும். பருத்தியைக் கறைப்படுத்தும் அதே பூச்சிதான். பருத்தி வயலுக்கு அது தொல்லை. வீட்டு வாசலில் மனிதருக்குத் தீங்கில்லை. உதிர்ந்த காய்களைப் பெருக்கினால் கூட்டம் குறையும். இதற்காக மருந்தடிக்க வேண்டாம்.

மரம் நிலைக்க வேண்டுமானால் அதன் பயன் வீட்டுக்குள் போக வேண்டும். பூவரச இலையில் மாவைத் தட்டி, பூரணம் வைத்து, மடித்து ஆவியில் வேகவைக்கும் கொழுக்கட்டைக்கு அந்த இலையின் வாசனைதான் ருசி. தோல் நோய்களுக்குச் சித்த மருத்துவம் பட்டையையும் காயையும் பயன்படுத்துகிறது. கழித்த கிளைகளில் தடித்தவற்றைக் குப்பைக்கு அனுப்பாமல் கடைசல்காரருக்குக் கொடுக்கலாம். இதே மரத்தில் ஹவாய்த் தீவினர் உணவுக் கிண்ணங்களே கடைந்திருக்கிறார்கள்.

நாற்றங்கால் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். பொந்தில்லாத, நேரான, முதிர்ந்த தாய்மரங்களை உங்கள் பகுதியில் அடையாளம் கண்டு, அவற்றின் விதையை மட்டும் எடுங்கள். நகராட்சி ஒப்பந்தங்களில் 'பூவரசு' என்று மட்டும் எழுதியிருந்தால், 'விதைக்கன்று' என்ற சொல்லையும் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள். விலை சற்றுக் கூடும். தெருமரத்துக்கு அந்த விலையே நியாயம்.