சிக்னல் பூஸ்டர்: உங்களுக்கு நாலு கோடு, ஊருக்குப் பூஜ்யம்!

"டவர் கிடைக்கலை" என்பது எங்கள் ஒடுகத்தூர் பக்கம் தினமும் காதில் விழும் பேச்சு. ஊரை ஒட்டி ஜவ்வாது மலை நிற்கிறது. ரோட்டில் நின்றால் பேசலாம், வீட்டிற்குள் போனால் கட். மேலே பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊராட்சிகளில் நிலைமை இன்னும் மோசம். இதற்கு மருந்து என்று 'மொபைல் சிக்னல் பூஸ்டர்' என்ற பெட்டியைச் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். சட்டம் தடுக்கிறது என்பது ஒரு காரணம்தான். பெட்டிக்குள் இருக்கும் பவர் ஆம்பிளிபையர் என்ன செய்கிறது என்று தெரிந்தால் நீங்களே வேண்டாம் என்பீர்கள்.

பூஸ்டரில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று டவர் அனுப்புவதைப் பெருக்கி உங்கள் போனுக்குத் தருகிறது. இன்னொன்று உங்கள் போன் பேசுவதைப் பெருக்கி டவருக்கு அனுப்புகிறது. வில்லங்கம் இந்த இரண்டாவது பாதையில்தான். டவரின் ரிசீவர் மிக நுண்ணிய காது. ஒரு வாட்டில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு வரும் சிக்னலையும் அது கேட்டாக வேண்டும். பூஸ்டரோ 70 டெசிபல், அதாவது ஒரு கோடி மடங்கு பெருக்குகிறது. நீங்கள் பேசாமல் இருக்கும்போதும் அது தன் சொந்த இரைச்சலைப் பெருக்கி டவரின் காதில் ஊதிக்கொண்டே இருக்கும். மலிவான பெட்டிகள் எந்தக் கம்பெனி அலைவரிசை என்று பார்ப்பதில்லை, மொத்தத்தையும் பெருக்கும்.

இதைவிட மோசமானது ஊளை. திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கீ...' என்று கத்துமே, அதேதான். மொட்டை மாடி ஆன்டெனாவும் வீட்டிற்குள் இருக்கும் ஆன்டெனாவும் ஒன்றையொன்று கேட்க ஆரம்பித்தால் பூஸ்டர் முழு பலத்தில் கத்தும். அந்தக் கத்தல் நம் காதுக்குக் கேட்காது என்பதுதான் சிக்கல். உங்கள் போனில் நாலு கோடு தெரியும். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வந்தவர் யூபிஐயில் பணம் போட முடியாமல் நிற்பார். 108க்குப் போன் போட்டவருக்கு லைன் கிடைக்காது. யாரால் என்று ஒருவருக்கும் தெரியாது.

பெரிய கம்பெனிகளுக்கும் இந்தத் தலைவலி வந்ததுண்டு. 2000களில் இந்தியாவில் சிடிஎம்ஏ டவர்கள் அனுப்பிய அலைவரிசை 889 மெகாஹெர்ட்ஸ் வரை. ஜிஎஸ்எம் டவர்கள் போன்களைக் கேட்கும் அலைவரிசை 890ல் ஆரம்பம். நடுவே ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ்! சிடிஎம்ஏ டவரின் பவர் ஆம்பிளிபையரிலிருந்து எல்லை தாண்டி வழிவது நேராக ஜிஎஸ்எம் டவரின் காதில் விழும். ஆன்டெனாவுக்கு முன்னால் நல்ல பில்டர், இரண்டு ஆன்டெனாக்களுக்கும் போதிய இடைவெளி, இவைதான் அதற்கு வழி.

ஏன் வழிகிறது? எந்த ஆம்பிளிபையரும் ஓரளவுக்கு மேல் முறுக்கினால் சிக்னலை நெளித்துவிடும். கூம்பு ஸ்பீக்கரை அதிகமாக அலறவிட்டால் பாட்டு கரகரப்பது போல. அந்தக் கரகரப்புதான் பக்கத்து சேனலில் போய் விழுகிறது. முறுக்காமல் ஓட்டினால் கரண்ட் வீணாகி வெப்பமாகும். இங்கேதான் எங்கள் சாப்ட்வேர் ஆட்களுக்கு வேலை வருகிறது. ஆம்பிளிபையர் எந்தப் பக்கம் நெளிக்கும் என்று அளந்து, சிக்னலை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் நெளித்துக் கொடுத்தால் வெளியே வரும்போது நேராகிவிடும். டிஜிட்டல் பிரீடிஸ்டார்ஷன் என்று பெயர். இன்றைய டவர்களில் இது சாதாரணம். 4ஜி டவரிலிருந்து பக்கத்து சேனலுக்கு வழிவது ஏறக்குறைய முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி. உங்கள் கையில் உள்ள போனுக்கே ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கட்டுப்பாடு உண்டு. மலிவு பூஸ்டர் இத்தனை கவனத்தையும் ஒரே நிமிடத்தில் பாழாக்குகிறது.

நம் அரசு என்ன செய்கிறது? வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பின் வண்டிகள் தேடி வந்து பூஸ்டரைக் கழற்றுகின்றன. அனுமதியில்லாமல் வைத்திருப்பதே 1933ம் ஆண்டு சட்டப்படி குற்றம். 2023ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அதை விட்டுவிடவில்லை. சரிதான். ஆனால் பாதி வேலைதான் இது என்பது என் கருத்து. அமெரிக்காவில் 2013ல் விதி வகுத்தார்கள்: ஊளையிட ஆரம்பித்தால் பூஸ்டர் தானே அடங்க வேண்டும், டவர் அருகில் இருந்தால் பெருக்கத்தைக் குறைக்க வேண்டும், வாங்கியவர் ஆபரேட்டரிடம் பதிவு செய்ய வேண்டும். பிரிட்டனும் 2018ல் இப்படிச் சில வகைகளுக்கு அனுமதி தந்தது. அப்படி நல்ல பெட்டி எது என்று இங்கேயும் முத்திரை குத்திக் கொடுத்தால் கெட்ட பெட்டியை யார் வாங்கப் போகிறார்கள்?

அதுவரை, வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. தனிக் கட்டணம் இல்லை. பிராட்பேண்ட் இல்லையென்றால் வெளி ஆன்டெனா மாட்டும் வசதியுள்ள 4ஜி ரூட்டர் வாங்கி, ஆன்டெனாவை மாடியில் டவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். ஆன்டெனா இரைச்சலைப் பெருக்கி வீசாது. கேபிளை மட்டும் குட்டையாக வையுங்கள், நீளக் கேபிள் கிடைத்ததைத் தின்றுவிடும்.

மலைமேல் சிக்னலே எட்டாத குக்கிராமங்களில் இது எதுவும் உதவாது. பெருக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் பூஸ்டரும் வெறும் இரைச்சலைத்தான் பெருக்கும். அங்கே வேண்டியது டவர். 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு பிஎஸ்என்எல் மூலம் டவர் அமைக்க மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. உங்கள் கிராமம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் கேளுங்கள்.