குழந்தையின் புண்ணுக்குத் தாய் குற்றவாளி அல்ல



கைக்குழந்தைக்கு வாயைச் சுற்றிப் புண். மலவாய்ப் பக்கம் சிவந்து தோல் உரிகிறது. கை, கால் விரல்களிலும் அப்படியே. வயிற்றோட்டம் நிற்கவில்லை, முடி கொட்டுகிறது. டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் முதலில் கிடைப்பது ஏச்சு: "பிள்ளையைச் சுத்தமாக வைத்திருக்கத் தெரியாதா?" பிறகு ஒரு களிம்பு. லயத்திலோ கண்ணூறு என்பார்கள்.

இதே அறிகுறிகளோடு ஒரு நோய் இருக்கிறது. பெயர் அக்ரோடெர்மடைடிஸ் என்டரோபதிகா. பள்ளிப் புத்தகத்தில் நாகம் என்றும் மருந்துக் கடையில் சிங்க் என்றும் சொல்லும் சத்தைக் குடல் சரியாக உறிஞ்சாததால் வருவது. தாயும் தகப்பனும் சுகமாகவே இருப்பார்கள். இருவரிடமும் மறைந்திருக்கும் பரம்பரைக் குறை சேரும்போது, நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு வருகிறது. எந்தச் சவர்க்காரமும் இதைத் தடுக்காது. அப்படியிருக்க ஏச்சு எதற்கு?

தாய்ப்பாலில் உள்ள சிங்க்கை உடம்பு இலகுவாக எடுத்துக்கொள்ளும். ஆகவே பால் மறக்கடித்த சில நாட்களில், சில வாரங்களில்தான் நோய் பெரும்பாலும் வெளியே தெரியும். புட்டிப்பால் என்றால் இன்னும் முந்தியே வரும். நம் நிலை என்ன? 84 நாள் பிரசவ விடுமுறை முடிகிறது. தாய் மலைக்கு, பிள்ளை பிள்ளைக் காம்பராவுக்கு. தாய்ப்பால் குறைகிறது. நோய் தலைகாட்டும் அதே காலத்தில்தான், ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் இல்லை என்ற பயமும் தாயைப் பிடிக்கிறது.

முன்பு இந்த நோய் வந்த குழந்தைகள் பலர் இறந்தார்கள். சிங்க் குறைவே காரணம் என்பதை 1973இல் லண்டனில் மொய்னகன் என்ற வைத்தியர் எடுத்துக் காட்டினார். இன்று சிங்க் மருந்து கொடுத்தால் சில நாட்களிலேயே வயிற்றோட்டமும் புண்ணும் தணியத் தொடங்கும். வாழ்நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். ஆனால் கடையில் நாமே வாங்கிக் கொடுக்கக் கூடாது. அளவு மிஞ்சினால் உடம்பில் செப்புச்சத்து குறையும். வைத்தியர் இரத்தம் சோதித்துத்தான் அளவு சொல்ல வேண்டும்.

"இது ஐந்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய், இதற்கா இத்தனை சத்தம்?" என்று நிர்வாகம் கேட்கலாம். பரம்பரை நோய் மிக அபூர்வம்தான். ஆனால் போசாக்குக் குறைந்து, வயிற்றோட்டம் நீடித்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் சிங்க் குறைந்து இதே போன்ற புண் வரும். எது எதுவென்று களிம்பு டப்பா சொல்லாது, வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. புண், வயிற்றோட்டம், முடி கொட்டல் மூன்றும் சேர்ந்த குழந்தையை அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதத்தோடு அனுப்ப வேண்டும். கூடப் போகும் தாய்க்கு முழுப்பேர் போட வேண்டும். வாகனம் நிர்வாகம் தர வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அந்த வாசல் வரை போக ஒரு நாள் பேரைப் பறிகொடுக்க வேண்டுமா? தாய்மாரே, ஏச்சைக் கேட்டுத் தலை குனிந்து திரும்பாதீர்கள். பிள்ளையோடு நேரே தலைவரிடம் வாருங்கள். கேட்க வேண்டிய இடத்தில் சங்கம் கேட்கும்.