சர்டிபிகேட் சர்வர் அட்மின் பக்கத்தில் பழைய பூட்டு: ஏன் ஆபத்து? என்ன செய்யணும்?

வடக்குப்பட்டு, ஒரகடம் என எங்கே இருந்தாலும், ஒரு கம்பெனி ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய டிஜிட்டல் கையொப்பத்தைப் பயன்படுத்தலாம். அதை நம்பலாமா என்பது, சான்று கொடுக்கும் சர்டிபிகேட் சர்வரைப் பொறுத்தது.

அந்த நம்பிக்கை உடைந்தால்?

2014-ல் அது நடந்தது. மத்திய அரசின் என்ஐசி-யிலிருந்து கூகுள், யாஹூ பெயர்களில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகின. ஜூலை 2-ம் தேதி கூகுளுக்குத் தெரியவந்தது. மறுநாளே என்ஐசி-யின் சான்றிதழ்களை ரத்து செய்தது கட்டுப்பாட்டு அமைப்பான சிசிஏ. அங்கே ஓட்டை, சான்றிதழ் வழங்கும் நடைமுறையில். அந்த நடைமுறைக்குள் நுழைய இன்னொரு வாசல்தான் அட்மின் பக்கம்.

சைஃபர் என்றால் என்ன?

அட்மினின் பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்வதை அடுத்தவர் படிக்காமல் மறைக்கும் பூட்டு. ஆர்சி4 பூட்டுக்கு 2015-லேயே தடை. டிரிபிள் டெஸ்ஸின் பலவீனம் 2016-ல் 'ஸ்வீட்32' தாக்குதலில் அம்பலமானது. டிஎல்எஸ் 1.0, 1.1 பதிப்புகளுக்கு 2021-ல் விடை கொடுத்தாச்சு. ஆனாலும் பழைய கம்ப்யூட்டர்களுக்காக இவற்றை அப்படியே விட்டுவைக்கிறார்கள். புதுப் பூட்டு இருந்தாலும், நடுவில் புகுபவர் இணைப்பைப் பழைய பூட்டுக்கு இறக்கிவிட முயலலாம்.

என்ன செய்யணும்?

* பழைய பூட்டை இன்னும் யார் பயன்படுத்துறாங்க என்று லாக்கில் பாருங்க.
* செட்டிங்ஸை பேக்கப் எடுங்க. இல்லைன்னா அட்மினே வெளியே மாட்டிக்கலாம்.
* டிஎல்எஸ் 1.2, 1.3-ஐயும், ஏஇஎஸ்-ஜிசிஎம் போன்ற வலுவான சைஃபர்களையும் மட்டும் வையுங்க.
* சர்வரை ரீஸ்டார்ட் செய்து, ஸ்கேன் பண்ணிப் பாருங்க.

முன்வாசலைப் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் முன், சாவி செய்யும் அறையின் கதவையும் ஒருமுறை தள்ளிப் பார்ப்பது நல்லது.