அணுவா, ஆதவனா?

காலையில் கண் விழிப்பது முதல் இரவில் கண் மூடும் வரை நம்மோடு இருப்பது மின்சாரம். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிகள் ஓடுவதற்கும், நாமக்கல் பக்கத்துக் குஞ்சு பொரிப்பகங்களில் முட்டைகள் கதகதப்பாக இருப்பதற்கும், சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் இயங்குவதற்கும் அதுவே உயிர். 2012ஆம் ஆண்டில் தமிழகத்தின் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு நிலவியது. தறி நின்றால் கூலி நிற்கும், கூலி நின்றால் அடுப்பும் நிற்கும் என்பதை அவ்வாண்டு நம் பெற்றோருக்கு நன்றாகவே உணர்த்தியது. எனவே மின்சாரத்தை எதிலிருந்து பெறுவது என்னும் வினா விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது.

இவ்வினா எழுந்தவுடன் நாம் இரண்டு அணிகளாகப் பிரிந்து விடுகிறோம். ஓர் அணி, அணுவே வழி என்கிறது. மற்றோர் அணி, சூரியனும் காற்றுமே வழி என்கிறது. இரு அணிகளின் வாதங்களையும் நடுநிலையோடு பார்ப்போம்.

திருநெல்வேலி மாவட்டம் கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் உள்ளன. யுரேனியத்தின் அணுக்கரு பிளவுறும்போது எழும் வெப்பம் நீரை ஆவியாக்குகிறது. அந்த ஆவி சுழலியைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கிறது. இதில் புகை இல்லை. இரவு பகல், வெயில் மழை என்ற பேதமும் இல்லை. இது பெரிய நன்மை என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் 1986இல் செர்னோபிலிலும், 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவிலும் நேர்ந்ததை உலகம் மறக்கவில்லை. ஃபுகுஷிமா விபத்துக்குப் பின், கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில் லூர்து மாதா ஆலயத்தின் முன் மீனவ மக்கள், குறிப்பாகத் தாய்மார்கள், மாதக்கணக்கில் அறப்போர் நடத்தினர். 2013 மே மாதத்தில் உலையை இயக்க உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்தது. பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. மறுபக்கத்தையும் கூற வேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்பாக்கத்தைத் தாக்கியபோது, நீரேற்றும் நிலையத்துக்குள் கடல்நீர் புகுந்தது. அப்படியிருந்தும், ஓடிக்கொண்டிருந்த அணு உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஆகவே நம் பொறியாளர்கள் திறமையற்றவர்கள் அல்லர். அஞ்சிய அத்தாய்மார்களும் அறிவற்றவர்கள் அல்லர்.

இனி இரண்டாம் அணியின் வாதத்துக்கு வருவோம். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது முன்னோர் வாக்கு. அக்காற்றை ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பிற இடங்களிலும் காற்றாலைகள் மின்சாரமாக மாற்றுகின்றன. தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஓராண்டுக்குள்ளாகவே கட்டப்பட்டு 2016இல் இயங்கத் தொடங்கியது. கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானதோ 1988இல். முதல் மின்சாரம் கிடைத்தது 2013இல். இருபத்தைந்து ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தை பட்டம் பெற்று வேலைக்கே போயிருக்கும்.

ஆனால் எண்களை அப்படியே ஒப்பிடலாகாது. 1000 மெகாவாட் சூரியத் தகடுகள், ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், தம் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தரும். நன்றாக ஓடும் அணு உலை ஐந்தில் நான்கு பங்கு தரும். நம் வீடுகளில் விளக்கு ஏற்றும் நேரத்தில் சூரியன் மறைந்து விடுகிறது. ஆடியில் வீசும் காற்று மார்கழியில் அடங்கி விடுகிறது. எனவே சேமிப்பு வேண்டும். கோவை மாவட்டம் காடம்பாறையில் அதற்கு ஒரு வழி 1980களிலேயே காணப்பட்டது. மின்சாரம் மிகுதியாக உள்ளபோது கீழே உள்ள நீரை மேல் அணைக்கு ஏற்றி வைக்கிறார்கள். தேவைப்படும்போது அதை இறக்கி 400 மெகாவாட் வரை பெறுகிறார்கள். நீரே அங்கு பாட்டரியாகி விடுகிறது.

'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்பார்கள். அணுவும் ஆதவனும் வாதாடும்போது கொண்டாடுவது யார்? நிலக்கரிதான்! இந்திய மின்சாரத்தில் அணுவின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடே. நிலக்கரியின் பங்கோ பத்தில் ஏழு என்னும் அளவில் உள்ளது. நம் மேட்டூரிலும் 1440 மெகாவாட் அனல்மின் நிலையம் உண்டு. அது நமக்கு ஒளி தருகிறது, பலருக்கு வேலையும் தருகிறது. ஆனால் எரிந்த கரி, சாம்பலாக நிலத்திலும் கரியமில வாயுவாக வானிலும் தங்குகிறது. ஒரே அளவு மின்சாரத்தை ஒப்பிட்டால், நிலக்கரிப் புகையால் இறப்போர் அணு மின்சாரத்தால் இறப்போரைவிடப் பன்மடங்கு அதிகம் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. ஜெர்மனி தன் கடைசி மூன்று அணு உலைகளை 2023 ஏப்ரலில் மூடியது. அப்போதும் அங்கே நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருந்தது. முதலில் அணைக்க வேண்டிய அடுப்பு எது என்பதை அந்நாடு மாற்றிக் கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலும், முதன்மையாக நிலக்கரியையே தாமதமின்றிப் படிப்படியாக விலக்கச் சொன்னது.

ஆகவே என் கருத்து இதுதான். ஓடுகின்ற அணு உலைகளை அச்சத்தால் மட்டும் மூட வேண்டாம். மூட வேண்டியவற்றுள் முதலாவது நிலக்கரி. புதிதாகச் செலவிடும் பணம் விரைவில் பலன் தரும் சூரியனுக்கும் காற்றுக்கும், அவற்றைச் சேமிக்கும் வழிகளுக்கும் முதலில் போகட்டும். எந்த நிலையமாயினும், அதன் அருகே வாழப்போகும் மக்களின் சம்மதம் பெற்ற பின்னரே அடிக்கல் நாட்டப்பட வேண்டும்.

மூன்றாவது கருத்தை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது பல ஊர்கள் நீரில் மூழ்கின. நீர் குறையும் காலங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயக் கோபுரமும் நந்தி சிலையும் வெளியே தெரிவதைச் சேலத்தார் அறிவர். நம் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் அவ்வூர் மக்கள் கொடுத்த விலை அது. அன்று பண்ணவாடி, பின்பு இடிந்தகரை. சுவிட்சைப் போடுகிறவர் ஓர் ஊரில், சுமையைச் சுமக்கிறவர் வேறோர் ஊரில் என்பது நியாயமா, தோழியரே?

நம் சமவெளியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அதைக் கூரையின் மேல் பிடிப்பதற்கு எவரும் வீடு இழக்க வேண்டியதில்லை. 2024இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், மூன்று கிலோவாட் அளவில் தகடு அமைக்கும் வீட்டுக்கு ரூ.78,000 மானியம் அறிவிக்கப்பட்டது. பெற்றோர் இதை எண்ணிப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்துக்கோ இது இன்னும் பொருத்தம். நம் வகுப்பறை விசிறிகள் சுழல்வது பகலில்; சூரியன் காய்வதும் பகலில். மாலையில் மணி அடித்தால் இரண்டும் ஓய்ந்து விடும். ஆகையால் பாட்டரி கூடப் பெரிதாக வேண்டியதில்லை. மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே, அடுத்த ஆண்டு மலர் வெளிவருவதற்குள் நம் மொட்டை மாடியின் ஒரு மூலையிலேனும் சில தகடுகள் அமையுமாயின், பட்டிமன்றத்தில் பேசியதைச் செய்தும் காட்டினோம் என்ற மகிழ்ச்சி எங்களுக்குக் கிட்டும்.