தனுஷ்கோடியில் ஏன் தங்க ரூம் இல்லை? பதில் மணலுக்கு அடியில் இருக்கு!

லீவு விட்டால் போதும், குடும்பத்தோடு தனுஷ்கோடிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அரிச்சல்முனையில் செல்ஃபி எடுத்த கையோடு, "இவ்வளவு அழகான இடத்துல ஒரு நல்ல ரூம் இல்லையே" என்று அலுத்துக்கொள்பவர்களும் நிறைய.

ஏன் இல்லை? 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல்தான் ஆரம்பம். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், இலங்கைக்குக் கப்பல் என பரபரப்பாக இருந்த ஊர் அது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது. அதன்பிறகு மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்துவிட்டது. முனை வரை தார் ரோடு வந்ததே 2017-ல்தான். அதற்கு முன்பு வேனும் ஜீப்பும் மணலில் குலுங்கிக் குலுங்கித்தான் போகும்.

சரி, இப்போதுதான் ரோடு வந்தாச்சே, ரிசார்ட் கட்டினால் என்ன? இங்கேதான் தண்ணீர் குறுக்கே வருகிறது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை, நடுவில் ஒல்லியான மணல் திட்டு. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கும். உப்புத் தண்ணீரைவிட அது எடை குறைவு. அங்கே வாழும் மீனவக் குடும்பங்கள் சில அடி ஊற்று தோண்டி, மெதுவாகச் சுரப்பதை மொண்டு குடிக்கிறார்கள்.

அதில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழே உள்ள உப்பு மேலேறிவிடும். ஏறிய உப்பு லேசில் இறங்காது. ரிசார்ட் நீச்சல் குளத்துக்கும் ஷவருக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஓலைக் குடிசைக்காரர்களின் குடத்திலிருந்துதான். வசதி செய்வதென்றால் குடிநீரும் ஆஸ்பத்திரியும் முதலில் அவர்களுக்குத்தானே வேண்டும்!

2025 ஜூனில் தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேரை பெரும் பூநாரை சரணாலயமாக தமிழக அரசு அறிவித்தது. ஆமைகள் கரையேறி முட்டையிடும் மணலும் இங்கே உண்டு. அதே ஆண்டு ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலமும் திறந்தாச்சு. கூட்டம் இனி குறையப் போவதில்லை.

அதனால் போறவங்க தங்குவதை ராமேஸ்வரத்திலேயே வெச்சுக்கோங்க. முனையில் கடல் இழுப்பு மோசம், குளிக்க இறங்க வேண்டாம். இருட்டும் முன் கிளம்பிடணும். குடிக்கத் தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்க. காலி பாட்டிலையும் திரும்ப வண்டியிலேயே போட்டுக்கிட்டு வந்துடுங்க.