உப்புச் சாடியைப் பாருங்கள்

கோவை கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் மருமகள் கருவுற்றாள் என்றதும் பெரியவர்கள் குங்குமப்பூ வாங்க விரைகின்றனர். உப்புச் சாடியை எவரும் திறந்து பார்ப்பதில்லை. சகோதரிகளே, முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கரு படிப்படியாக உருமாறுவதை அல்முஃமினூன் அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. மருத்துவம் காட்டும் ஒரு படியைக் கேளுங்கள். நான்காம் வாரத்தில் நாவின் அடியில் சிறு மொட்டாக அரும்பும் தைராய்டு சுரப்பி, மெல்லக் கீழிறங்கி, ஏழாம் வாரத்தில் கழுத்தின் முன்புறம் வந்து அமர்கின்றது. நாளமில்லாச் சுரப்பிகளுள் முதலில் தோன்றுவது இதுவே! ஆயினும் ஏறத்தாழ மூன்று மாதம் வரை அது தன் நீரைச் சுரப்பதில்லை. அதுவரை சிசுவின் மூளைக்குத் தாயின் சுரப்பியே துணை. பின்னரும் அதற்குரிய அயோடின் தாயின் உணவிலிருந்தே சென்றாக வேண்டும். அது மிகக் குறைந்தால் குழந்தையின் அறிவு குன்றிவிடும். பிறந்தபின் முழுதும் மீட்க இயலாது.

அயோடின் சேராத உப்பை உணவுக்கென விற்க 2006 முதல் நாடெங்கும் தடை உண்டு. எனினும் மலிவென்று சாதாரணக் கல்லுப்பை வாங்குவோர் இன்னும் இருக்கின்றனர். "பாட்டிமார் அதை உண்டுதானே பிள்ளை பெற்றனர்?" என்பீர்கள். அக்காலத்தில் கழுத்துக் கழலையோடு வாழ்ந்தவர்களையும் சற்றே நினைத்துப் பாருங்கள். உறையில் அயோடின் என்ற சொல்லைத் தேடி வாங்குங்கள். ஈரம் படாமல் மூடி வையுங்கள். தைராய்டு மாத்திரை உண்ணும் பெண், கருவுற்றதும் அதைத் தாமாக நிறுத்திவிடாமல் உடனே மருத்துவரிடம் செல்லட்டும்.