மண் நினைவுச் சின்னமன்று

பாலஸ்தீனத்தைத் திருப்பயணியின் கண்கொண்டே பார்த்துப் பழகியவர்கள் நாம். அம்மண் நமக்குப் புனிதம்; அதை உழுதவனோ அந்நியன். அவர்தம் கதைகளைப் படிக்கும்போதும் இப்பழக்கம் நம்மை விடுவதில்லை. 'இழந்த வீட்டை எண்ணி அழும் ஏக்க இலக்கியம்' என்று முத்திரை குத்தி, ஒரு பெருமூச்சோடு நூலை மூடிவிடுகிறோம். இந்த இரக்கம் அக்கதைகளுக்கு நாம் இழைக்கும் அநீதி என்பேன்.

கஸ்ஸான் கனஃபானியின் 'வெயிலில் மனிதர்கள்' (1963) என்னும் குறுநாவலின் தொடக்கத்தில், அபூ கைஸ் ஈர மண்ணில் மார்பை வைத்துப் படுத்திருக்கிறான். மண்ணுக்குள் ஓர் இதயம் துடிப்பதாக உணர்கிறான். அது அவன் ஊர் மண்ணன்று. ஈராக்கின் பாஸ்ரா நகரை அடுத்த ஆற்றங்கரை. 1948இல் அவன் இழந்தவற்றுள் பத்து ஒலிவ மரங்களும் உண்டு. குவைத் சென்று உழைத்தால் மகனைப் படிக்க வைக்கலாம், ஓரிரு ஒலிவக் கன்றுகள் வாங்கலாம் என்பது அவன் கனவு. வெறும் ஏக்கம் கொண்டவன் பழைய மரத்தை நினைத்து அழுவான். இவனோ புதிய கன்றுக்குக் கணக்குப் போடுகிறான். அக்கனவோடுதான் வெற்றுத் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து எல்லை கடக்க முயன்று, மற்ற இருவரோடு வெப்பத்தில் மடிகிறான்.

'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' (1969) இன்னும் கடுமையானது. 1948இல் அந்நகரை விட்டு வெளியேற நேர்ந்த ஸயீதும் அவன் மனைவியும், 1967 போருக்குப் பின் தம் வீட்டைக் காண வருகின்றனர். பூச்சாடியிலிருந்த ஏழு மயிலிறகுகளுள் ஐந்து எஞ்சியுள்ளன. அன்று தொட்டிலில் விட்டுவந்த மகனோ, யூதத் தம்பதியரிடம் வளர்ந்து இஸ்ரேலியப் படைவீரனாக நிற்கிறான். அவனை வளர்த்த தாயும் நாஜிக் கொடுமைக்குத் தந்தையைப் பறிகொடுத்தவள். தாயகம் என்றால் கடந்த காலம் மட்டுமே என எண்ணியது தவறு என்று ஸயீதே உணர்கிறான். ஏக்கத்தின்மீது இதைவிடக் கடுமையான தீர்ப்பை எந்தத் திறனாய்வாளர் எழுதிவிட்டார்?

'மண்ணையே தெய்வமாக்கிவிடும் ஆபத்து இல்லையா?' என்று சிலர் கேட்கக்கூடும். சஹர் கலீஃபா அதற்கும் இடம் வைக்கவில்லை. 'சப்பாத்திக்கள்ளி' என்று பொருள்படும் அரபுத் தலைப்புடைய அவரது நாவலில் (1976), நாப்லுஸ் நகருக்குத் திரும்பும் உஸாமா, நிலத்தைக் கைவிட்டு இஸ்ரேலில் கூலிவேலை தேடிச் செல்வோரைக் கடிந்துகொள்கிறான். நிலம் என்றைக்கு எனக்குச் சொந்தமாக இருந்தது என்பதே பண்ணையாளின் பதில். மண்மீது பற்று வை என்று பிறருக்கு உபதேசிப்பவன், அதன் விளைச்சலை உண்டவர் யார் என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும் என்கிறது நாவல்.

ஆகவே, இக்கதைகளில் மண்ணுறவு என்பது உழைப்பின் உறவு, உரிமையின் உறவு, தீர்க்கப்படாத வழக்கு. நம் கண்ணீரால் அவ்வழக்கு முடிந்துவிடாது.

1948இல் அழிக்கப்பட்ட ஊர்கள் பலவற்றின் இடிபாடுகளிடையே, அன்று வேலியாக வைத்த சப்பாத்திக்கள்ளி இன்றும் துளிர்க்கிறது. அழகிய குறியீடு என்று அதைப் போற்றி அமைதி கொள்ளாதீர்கள். அது ஒருவருடைய நிலத்தின் எல்லை.